வலைக்கு முன்னால் – அத்தியாயம் 11: அரையிறுதி

சனிக்கிழமை காலை உஷாந்தி தேத்தண்ணிக் கோப்பையைக் கணவனின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான்.

ஸ்ரான்லி அதை எடுத்துக் குடித்தான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும் என்று அவனுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமைதான் உஷாந்திக்கு விஷயம் தெரிந்தது. மகளும் சொல்லவில்லை, புருஷனும் சொல்லவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் மகளோடு விளையாடும் சிநேகிதி ரொஷேல்தான் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினாள். டெனிஷாவைப் படையினரின் விளையாட்டு அணிக்கு எடுக்கப் போகிறார்களாம், அன்ரிக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டாள். அரை கிலோ சாளை மீனை வாங்காமலே உஷாந்தி வீட்டுக்குத் திரும்பினாள். ஸ்ரான்லி மறைக்கவில்லை. "கேட்டாங்க. நான் ஓம் எண்டுட்டன்," என்றான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை டெனிஷா. இருபது வயது. கொட்டாஞ்சேனைப் பெண்கள் கைப்பந்துக் கழகத்தின், அதாவது ஹாண்ட்போல் கழகத்தின், கோல் காப்பாளர். தேசியக் கிண்ணப் போட்டி தொடங்கியபோது அந்தக் கழகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தோற்றால் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டிய போட்டி அது. முதல் சுற்றிலேயே கண்டியிலிருந்து வந்த அணி இவர்களை அனுப்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அனுப்பவில்லை.

இரண்டாம் சுற்றுக்குக் குருநாகல் போனார்கள். ஆட்டம் சமநிலையில் நின்று, ஏழு மீற்றர் எறிதல்களில் போய் முடிந்தது. எறிபவளுக்கும் கோல் காப்பாளருக்கும் நடுவே ஒருவரும் நிற்காத எறிதல்கள். டெனிஷா ஒன்றைக் காலால் தடுத்தாள், ஒன்றை நெஞ்சில் வாங்கினாள். கழகம் தப்பியது. கால் இறுதியில் நீர்கொழும்பு அணியையும் அவள்தான் மறித்து அனுப்பினாள். அந்த இரண்டு ஆட்டங்களையும் படை அணியின் பயிற்றுநர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

வேறு வீடென்றால் கேக் வெட்டியிருப்பார்கள். இந்த வீட்டில் ஏன் அது முடியாது என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடலாம். யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் உஷாந்தியின் தம்பி ஜனாவை வெள்ளவத்தை வீட்டிலிருந்து, வான் வண்டி ஒன்றில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாதாரண உடுப்பு, சிங்களப் பேச்சு. "பொட்டக் அஹலா எவன்னம்," என்று வாசலில் நின்ற உஷாந்தியிடம் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கொஞ்சம் கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்று.

ஜனா இன்னும் வரவில்லை. வந்தவர்கள் யார் என்பது இன்றைக்கும் தெரியாது. தெரியாததால்தான் உஷாந்திக்கு எல்லாச் சீருடையும் ஒன்றாகப் போயிற்று. பொலிஸ்காரன் பஸ்ஸில் ஏறினாலும் இறங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் மகள் அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு பந்து தடுக்கப் போகிறாளாம்.

டெனிஷா அறைக்குள் இருந்து வந்தாள். விரல்களுக்குப் பிளாஸ்ரர் சுற்றியிருந்தாள். தோளில் பை. அரையிறுதி இன்று பின்னேரம். எதிரே நிற்கப் போவதும் அந்தப் படை அணிதான். வாசலில் நின்று, "இண்டைக்காவது வருவீங்களா அம்மா?" என்று கேட்டாள்.

உஷாந்தி இதுவரை மகளின் ஆட்டம் ஒன்றுக்கும் போனதில்லை. ஒருமுறை ஃபோனில் காட்டினார்கள். கையுறை இல்லை, முகத்துக்கு மறைப்பில்லை. குதித்து வந்து கிட்டத்தில் நின்று எறிகிறார்கள், பிள்ளை கையையும் காலையும் விரித்துக்கொண்டு அந்தப் பந்துக்குள் போய் விழுகிறாள். பாதியில் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தான் வெள்ளவத்தைக்கு, தன் அப்பாவிடம் போவதாக இப்போது சொன்னாள்.

"அம்மப்பாட்டயா?" என்றாள் டெனிஷா. பிறகு ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

*

புறக்கோட்டையில் பஸ் மாறி வெள்ளவத்தையில் இறங்கும்வரை உஷாந்தி மனதுக்குள் ஒரே விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அப்பாவிடம் எப்படித் தொடங்குவது?

சிவபாதசுந்தரம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். மனைவி சிவக்கொழுந்து கொரோனாக் காலத்தில் இறந்துபோனார். எத்தனையோ முறை கூப்பிட்டும் சிவபாதசுந்தரம் மகள் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். ஜனாவுக்குத் தெரிந்த விலாசம் இதுதான் என்பார். பக்கத்து வீட்டு ரூபிகா மத்தியானச் சாப்பாடு கொடுத்துவந்தாள்.

உஷாந்தி அவரை நம்பித்தான் போனாள். வேதக்காரனை, ஒரு கிறிஸ்தவனைக் கட்டியதற்காக வருடக்கணக்கில் தன்னோடு பேசாதிருந்த மனுஷன். ஆனால் ஜனாவைத் தேடி ஸ்ரான்லி அலைந்த அலைச்சலைப் பார்த்த பிறகு மருமகனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார், பாசமாகத் தம்பி என்றுதான் சொல்வார். அவர் ஒரு சொல் வேண்டாம் என்றால் ஸ்ரான்லி தலை குனிந்துவிடுவான். டெனிஷாவுக்கும் அம்மப்பா என்றால் உயிர். அவருக்குக் கோபம் வர வேண்டும், அவர் கத்த வேண்டும். அதற்காகத்தான் அவள் போனாள்.

கதிரையில் உட்காரும் முன்பே சொல்லத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும் பிள்ளை. வியாழக்கிழமை அவள் வந்து சொன்னவள்."

வியாழக்கிழமை பயிற்சி என்று சொல்லிவிட்டுத்தான் மகள் போயிருந்தாள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"போ எண்டனான்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினார். ஆணைக்குழு என்று எத்தனை வந்தது, எத்தனை பேருக்கு முன்னால் போய் ஜனாவின் பெயரைச் சொன்னோம், எத்தனை வெயிலில் படத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நின்றோம், உன் அம்மா அந்தப் படத்தோடுதான் செத்தாள், என்ன பதில் கிடைத்தது என்று கேட்டார். அவர் கண்கள் பளபளத்தன. அழுகை இல்லை. கனகாலத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்ததை உஷாந்தி கண்டாள். அதைக் கண்டதும் அவளுக்குப் பயம் பிடித்தது.

"வெளியில நிண்டு கேட்டது காணும், போதும். உள்ளுக்க எங்கட ஆள் ஒண்டு இருந்தால் அது வேற. பழகினால், நாலு பேரைத் தெரிஞ்சால், ஆராவது ஒரு சொல்லாவது சொல்லுவினம். ஜனாவைப் பற்றி உள்ளுக்க விசாரிக்கச் சொல்லிப் பிள்ளையிட்டக் கேட்டனான். கேக்கிறன் அம்மப்பா எண்டவள்."

கேட்கப் போன ஸ்ரான்லிக்கு என்ன நடந்தது என்பதை அவர் மறந்துவிட்டாரா? அந்த வருடம் ஓரிடத்தில் போய் அதிகம் கேட்டான் என்று அவனையே உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே விட்டபோது இடது காது கேட்கவில்லை. இன்றும் கேட்காது. இதையெல்லாம் அவள் சொன்னாள். அவர் எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றார். இப்போது காலம் வேறு என்றார். பிள்ளை விளையாட்டுக்காரி, அவளை ஒருவரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றார்.

"அப்பா, அவள் என்ட பிள்ளை."

"அவன் என்ட பிள்ளை," என்றார் சிவபாதசுந்தரம்.

அதற்குமேல் அந்த வீட்டில் இருக்க உஷாந்தியால் முடியவில்லை. சாப்பாட்டைக் கொண்டுவந்த ரூபிகா படியில் எதிர்ப்பட்டு, அக்கா சாப்பிடாமல் போகிறீர்களா என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் இறங்கினாள். பிரதான தெருவான காலி வீதியில் நின்ற ஓட்டோவை மறித்து, அரங்குக்குப் போகச் சொன்னாள்.

*

உள்ளரங்கு அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கொட்டாஞ்சேனைக்காரர் ஒரு மூலையில் கூடியிருந்தார்கள். கழகத்தின் நீலக் கொடி, இரண்டு மேளம், கோயில் இளைஞர் சங்கத்துப் பெடியன்கள். மற்றப் பக்கம் முழுதும் படை அணியின் ஆட்கள். ஒரே மாதிரி உடுப்பு, ஒரே தாளத்தில் கைதட்டல்.

ஸ்ரான்லி அவளைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தான். ஒருகொடவத்தைக் கொள்கலன் யாட்டில் சனிக்கிழமை வேலை நேரத்தை முன்னுக்கு மாற்றி முடித்துவிட்டு நேராக வந்திருந்தான், வேலை உடுப்பு மாற்றவில்லை. வந்துவிட்டாளே என்ற சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. உஷாந்தி அவனுடைய இடது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தான் முணுமுணுப்பது அவனுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான்.

அன்று அவள் வேண்டிக்கொண்டதை இங்கே எழுதுவதற்கே ஒரு மாதிரி இருக்கிறது. மகள் தோற்க வேண்டும் என்று அந்தத் தாய் வேண்டினாள். அதுவும் சும்மா தோற்றால் போதாது. எல்லாரும் பார்த்திருக்கக் கையில் பட்ட பந்தும் வழுகி உள்ளே போக வேண்டும், இந்தப் பிள்ளையையா எடுக்க நினைத்தோம் என்று அந்தப் பயிற்றுநர் முகத்தைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும், "போகட்டும், உள்ளுக்குப் போகட்டும்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெனிஷா விடவில்லை.

படை அணிப் பெண்கள் உயரம், பலம். ஓடி வந்து குதித்தார்கள் என்றால் பந்து எந்தக் கையிலிருந்து வருகிறது என்றே உஷாந்திக்குத் தெரியவில்லை. சுவரில் அறைகிற மாதிரிச் சத்தம் கேட்கும். அது பிள்ளையின் தொடையில், முழங்கையில், விலாவில் பட்ட சத்தம் என்று பிறகுதான் விளங்கும். பட்ட இடத்தைத் தடவக்கூட நேரமில்லாமல் டெனிஷா பந்தை எடுத்து ரொஷேலுக்கு எறிவாள். ரொஷேல் இடது கைக்காரி, மற்ற முனையில் கோலாக்கிவிட்டு வருவாள். பாதி நேரத்தில் கொட்டாஞ்சேனை ஒரு கோல் முன்னுக்கு நின்றது. மேளம் நிற்கவே இல்லை.

இரண்டாம் பாதியில்தான் அது நடந்தது. ஓரத்திலிருந்து ஒருத்தி உள்ளே பாய்ந்து எறிந்த பந்து டெனிஷாவின் முகத்தில் நேரே பட்டது. தலை பின்னால் போய்க் கம்பத்தில் மோதியது. அப்படியே சரிந்தாள்.

உஷாந்தி எழுந்து நின்றுவிட்டாள். அதுவரை வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த வேண்டுதல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தான் கேட்டதுதான் இப்படி வந்து விழுந்ததோ என்ற எண்ணம் அவளைப் போட்டு உலுப்பியது. கீழே இறங்கப் பார்த்தவளை ஸ்ரான்லி பிடித்து உட்காரவைத்தான்.

எறிந்தவளை இரண்டு நிமிடத்துக்கு வெளியே அனுப்பினார்கள். டெனிஷாவின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. வைத்தியர் பஞ்சு அடைத்தார், கண்ணுக்கு ஒளி அடித்துப் பார்த்தார், விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறொரு பிள்ளை கோலில் நின்றாள். வந்த பந்தெல்லாம் உள்ளே போயின. முன்னுக்கு நின்ற கொட்டாஞ்சேனை பின்னுக்குப் போயிற்று. டெனிஷா தங்கள் பயிற்றுநரின் கையைத் தட்டிவிட்டு மறுபடி வந்து வலைக்கு முன்னால் நின்றாள்.

அதற்குப் பிறகு அவளைத் தாண்டி அதிகம் போகவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்குக் கால் ஓடவில்லை, மூச்சு முடிந்துவிட்டது. கடைசி எறிதல் ரொஷேலின் கையில் வந்தது. போட்டிருந்தால் மேலதிக நேரம். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. ஒரே ஒரு கோலால் கொட்டாஞ்சேனையின் கிண்ணக் கனவு அதோடு சரி.

ரொஷேல் தரையில் படுத்து அழுதாள். டெனிஷா அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியோடும் கை கொடுத்தாள். அவர்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி தன் துவாயால் அவள் நாடியில் வழிந்திருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டாள். ஏற்கெனவே தங்களில் ஒருத்தி என்று முடிவு செய்துவிட்டவர்கள் மாதிரி.

தோற்க வேண்டும் என்ற வேண்டுதல் பலித்துவிட்டது. அதனால் உஷாந்திக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

*

படை அணியின் பயிற்றுநர் தானாகவே தேடி வந்தார். பெயர் குமுதினி. நாற்பது வயதிருக்கும், ட்ரக்சூட் போட்டிருந்தார். டெனிஷா மூக்கில் பஞ்சோடு பக்கத்தில் நின்றாள். ஸ்ரான்லி சட்டென்று முன்னால் வந்து, மனைவிக்குச் சிங்களம் வராது என்று சொல்லிப் பார்த்தான். உஷாந்தி வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஸ்ரான்லியைவிட நல்ல சிங்களம் வரும். ஏன் இந்த மனுஷன் பொய் சொல்கிறான் என்று நினைத்தாள்.

"அம்மே, துவ ஹரி தக்ஷய்," என்றார் குமுதினி. உங்கள் மகள் கெட்டிக்காரி.

பிறகு அவர் நிதானமாகப் பேசினார். தனக்கும் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார். தமிழ்ப் பிள்ளை ஒருத்தி தங்கள் அணிக்கு வருவதென்றால் வீட்டில் யோசிப்பார்கள் என்று தெரியும், பிள்ளைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றார். எடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் பற்றி வந்து விசாரிப்பார்கள், அது எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம் என்றார். உங்கள் பக்கம் பிரச்சினையே இல்லை, நீங்கள் கூடப்பிறந்தவர்கள் ஒருவருமில்லாத தனிப் பிள்ளை என்று டெனிஷாவின் அப்பா சொன்னார். அதனால்தான் ஒரே மகளை விட மனமில்லாமல் இருக்கிறீர்கள் போல, என்று சிரித்தார்.

உஷாந்தி கணவனைப் பார்த்தாள். ஸ்ரான்லி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பயிற்றுநரிடம் சொன்ன அந்த ஓமோடு அவன் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஜனா என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறான்.

"எஹெம நேத அம்மே?" என்றார் குமுதினி. அப்படித்தானே?

இந்தப் பதினேழு வருடத்தில் உஷாந்தி எத்தனையோ மேசைக்கு முன்னால் தம்பியின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கத்தியும் சொல்லியிருக்கிறாள், காலில் விழுந்தும் சொல்லியிருக்கிறாள். இப்போது மகளைப் பார்த்தாள். வீங்கிய மூக்கு. கண்ணுக்குக் கீழே நீலம். தோற்றுப்போன பிறகும் அந்தக் கண்ணில் இருந்த வெளிச்சம். இந்தப் பிள்ளை இப்போது வேலை பார்க்கும் ஃபோன் கடையில் நின்று கவர் விற்கப் பிறந்தவள் இல்லை என்பதை அவள் இன்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அதோடு, உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு என்ன வரும் என்ற பயமும் வந்து சேர்ந்துகொண்டது.

"ஒவ் மேடம்," என்றாள். ஆம்.

தன் குரல்தானா அது என்று இருந்தது அவளுக்கு.

டெனிஷா மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

"நே மேடம்," என்றாள். "மாமா கெனெக் இன்னவா."

இல்லை, ஒரு மாமா இருக்கிறார். இருந்தார் என்று அவள் சொல்லவில்லை.

ஸ்ரான்லி மகளின் கையைப் பிடித்தான். அவள் மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மாமாவைத் தனக்கு ஞாபகமில்லை என்றும், தனக்கு மூன்று வயதாக இருந்தபோது வெள்ளவத்தை வீட்டிலிருந்து வான் வண்டியில் கூட்டிப்போனார்கள் என்றும், அம்மப்பா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும், அப்பாவும் அம்மாவும் தனக்காகத்தான் பொய் சொன்னார்கள் என்றும் சிங்களத்தில் சொன்னாள். பிசகில்லாமல், பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

குமுதினியின் சிரிப்பு நின்றுவிட்டது. கோபமும் வரவில்லை. அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று உஷாந்தியால் பிடிக்க முடியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: அவர் இயக்கத்தில் இருந்தவரா? உஷாந்தி அதற்குத் தயாராக நின்றாள்.

குமுதினி பெயரைக் கேட்டார்.

"சிவபாதசுந்தரம் ஜனார்த்தனன்," என்றாள் டெனிஷா.

அவர் அந்த நீளமான பெயரை ஒருமுறை தட்டுத்தடுமாறிச் சொல்லிப் பார்த்தார். எந்த வருடம் என்று கேட்டார். உஷாந்தி சொன்னாள். எந்த மாதம் என்றார். அதையும் சொன்னாள். பிறகு அவர் சுற்றிவரப் பார்த்தார். தூரத்தில் சீருடையோடு நின்ற இரண்டு பேர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாளைப் பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வருகிறோம், அதுவரை இதை வேறு யாரிடமும் கதைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். டெனிஷாவின் தோளைத் தொடப் போனவர், தொடாமல் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

வெளியே வந்து ஓட்டோவுக்கு நிற்கும்போது ஸ்ரான்லி வெடித்தான். உரக்கக் கத்தவில்லை, கத்த முடியாத இடம். அதனால் பேச்சு இன்னும் கூராக வந்தது.

"பொய்தான் சொன்னன். என்ட பிள்ளைக்காகச் சொன்ன பொய். நீயும் அதைத்தானே சொன்னாய் உஷா?"

உஷாந்தி வந்துகொண்டிருந்த ஓட்டோவுக்குக் கை காட்டினாள், அது நிற்காமல் போயிற்று.

நாளைக் காலை ராகமவில் இருக்கும் தன் அக்கா எவ்லின் வீட்டுக்கு மூன்று பேரும் போய்விட வேண்டும் என்றான். யார் வந்தாலும் வீட்டில் ஆள் இருக்கக்கூடாது. வருகிறேன் என்று குமுதினி சொல்லவில்லை, வருகிறோம் என்று சொன்னாரே, அது யார் யார் என்று கேட்டான். கேட்கப் போனதற்குத் தன்னை என்ன செய்தார்கள் என்று பிள்ளைக்கு இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன் என்றான்.

"எனக்குத் தெரியும் டடா," என்றாள் டெனிஷா. அவளும் களைத்திருந்தாள். "நான் இப்பச் சொல்ல இருக்கேல்ல. டீமுக்குள்ள போய், ரெண்டு மூண்டு வருஷம் விளையாடி, ஆக்களப் பழகிட்டுத்தான் கேக்க நினைச்சன். எனக்கு விளையாட வேணும் அம்மா, அதுதான் முதல். ஆனா நீங்க ஒவ் எண்டு சொன்னதும்... அந்த இடத்திலயே மாமா செத்துப்போன மாதிரி இருந்திச்சு."

அவள் மூக்கிலிருந்து மறுபடி இரத்தம் கசிந்தது. உஷாந்தி சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தாள். மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையை ராகமவில் ஒளிப்பதா, வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பதா? ஒளித்தால், நாங்கள் சொன்ன ஒரே உண்மைக்கும் பயந்து ஓடினோம் என்றாகிவிடும். இருந்தால்? அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

ஓட்டோ கிடைத்தது. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் வழியில் ஃபோன் அடித்தது. அப்பா.

வென்றார்களா என்று அவர் கேட்கவில்லை.

"பிள்ளை கேட்டவளோ?" என்றார்.

இத்தனை கெதியாக, அன்றைக்கே அது நடந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. காலையில் மகள் கோபமாகப் போனது மனதை அரித்திருக்கும், பேச்சுத் தொடங்க ஒரு சாட்டாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் உஷாந்திக்கு அன்று இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.

"ஓம் அப்பா. பேரைச் சொல்லிப்போட்டாள்."

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று சிவபாதசுந்தரம் கேட்டார். அந்தக் குரல் இளம் ஆளின் குரல் மாதிரி இருந்தது.

"நாளைக்கு வீட்டுக்கு வருகினமாம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று உஷாந்தி ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவர் குரல் வேறாகியிருந்தது.

"இந்த முறை ஆரைக் கூட்டிக்கொண்டு போக வருகினம்?" என்று கேட்டார்.